சீனத்து ஆயியும் நங்கநல்லூர் லேகியமும்

பிரசவம் என்றால் தாய்வீடு என்பது நம் பக்கத்தில் எழுதாத சட்டம். வளைகாப்பை முடித்துப் பெண்ணை அழைத்து வந்துவிட்டால்தான் பெற்றவளுக்கு நிம்மதி. பெண் வெளிநாட்டில் இருக்கிறாளா, அம்மா விமானம் ஏறிவிடுவாள். மீனம்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் நங்கநல்லூரில் இப்படிப் பிரசவம் பார்க்கக் கிளம்பும் அம்மாக்களுக்குக் கணக்கே கிடையாது. ஒரு பெட்டி நிறைய பருப்புப் பொடி, ஒரு பெட்டி நிறைய மருந்து சாமான்!

எனக்கு இந்த இரண்டில் ஒன்றும் வாய்க்கவில்லை. என் இரண்டாவது குழந்தை 2015-ஆம் வருஷம் மார்ச் மாதம் சீனாவில், குவாங்சோ நகரத்தில் பிறந்தது. பக்கத்தில் அம்மாவும் இல்லை, மாமியாரும் இல்லை. அந்த ஊரையும், அங்கே என்னைக் கவனித்துக்கொண்ட ஒருத்தியையும் பற்றி எழுதவேண்டும் என்று வெகு நாளாக எண்ணம்.

குவாங்சோவுக்குப் பழைய பெயர் கான்டன். 1957-லிருந்து வருஷம் இரண்டு தடவை நடக்கும் கான்டன் சந்தையைத் திருப்பூர், சென்னை வியாபாரிகளுக்கு நன்றாகவே தெரியும். என் கணவர் ஒரு கம்பெனியின் கொள்முதல் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, 2012-ல் நாங்கள் அங்கே போனோம். "பாம்பையும் பல்லியையும் திங்கிற ஊராச்சேடி, நீ என்னத்தைச் சாப்பிடுவே?" என்று எதிர்வீட்டு மாமி அங்கலாய்த்தாள். போய்ப் பார்த்தால், மார்க்கெட்டில் முதலில் கண்ணில் பட்டது பீர்க்கங்காய்! அடுத்து பாகற்காய், பூசணிக்காய், சேப்பங்கிழங்கு, முளைக்கீரை. முருங்கைக்காய்க்குத்தான் ஏங்கிப்போனேன். பருப்பும் புளியும் ஊரிலிருந்து வந்தன. மற்றபடி சைவ சமையலுக்குக் குறைவில்லை. வெளியில் சாப்பிடத்தான் கஷ்டம். காய்கறி என்று சொல்லிக் கொண்டுவந்து வைப்பார்கள், அடியில் பொடிப்பொடியாய்ப் பன்றி இறைச்சி இருக்கும். பௌத்தக் கோயில்களை ஒட்டிய சைவ ஓட்டல்கள்தாம் எங்களுக்குக் கதி.

வெயிலும் புழுக்கமும் சென்னைக்குச் சளைத்ததில்லை. கடக ரேகை அந்த நகரத்தின் வட எல்லைக்குள்ளேயே போகிறது. தெருவெல்லாம் விழுதுவிட்ட மரங்கள். ஆறு ஆலமரக் கோயில் என்றே ஒரு பழைய பௌத்தக் கோயில் உண்டு. கி.பி. 537-ல் கட்டியதாம். போதிதர்மர் கடல் வழியாக வந்து முதலில் கரையிறங்கிய இடம் என்று இன்னொரு கோயிலைக் காட்டுகிறார்கள். தெற்கே இந்தியாவிலிருந்து வந்த முனிவர் என்பது அவர்கள் ஐதிகம். காஞ்சிபுரத்துக்காரர் என்பது நம் ஊர்ப் பேச்சு. என் பிள்ளை அப்போது அங்கே சீனப் பள்ளிக்கூடத்தில் படித்தான். "எங்க ஊர்க்காரர்தான்" என்று வாத்தியாரிடம் பெருமையடித்துவிட்டு வந்தான்.

நம் அம்மாக்களுக்கு மிகவும் பிடிக்கும் வழக்கம் ஒன்று அங்கே இருக்கிறது. யாரும் குளிர்ந்த தண்ணீர் குடிப்பதில்லை. ஸ்டேஷன், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எங்கே போனாலும் வெந்நீர்க் குழாய் இருக்கும். ஆளுக்கொரு ஃபிளாஸ்க் கையில். தலைவலிக்கும் வெந்நீர், வயிற்றுவலிக்கும் வெந்நீர், மனசு சரியில்லை என்றாலும் வெந்நீர்தான்.

2014 ஜூலையில் எனக்கு நாள் தள்ளிப்போயிற்று. அப்போதிலிருந்து தெருவில் போகிறவர்கள்கூட எனக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்தார்கள். நண்டு கூடாது (நான் எங்கே சாப்பிடப் போகிறேன்!), பார்லி மாதிரி ஒரு தானியம் கூடாது, கட்டில் மேல் கத்தரிக்கோல் வைக்கக்கூடாது, வீட்டில் ஆணி அடிக்கக்கூடாது. எங்கள் கட்டடத்துக் கர்ப்பிணிகள் எல்லோரும் பினஃபோர் மாதிரி ஒரு மேலுடுப்பு போட்டிருந்தார்கள். துணிக்குள் வெள்ளி இழை ஓடுகிறதாம். கம்ப்யூட்டர், செல்போன் கதிர்வீச்சு குழந்தையைத் தாக்காமல் தடுக்கிறதாம். பலன் இருப்பதாக எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் உடனே எழுந்து இடம் கொடுத்தார்கள். அந்த ஒரு லாபத்துக்காகவே நானும் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

அம்மா அனுப்பிய குங்குமப்பூவைப் பாலில் போட்டுக் குடிப்பதைப் பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் பார்த்துவிட்டாள். அலறிவிட்டாள்! குங்குமப்பூ ரத்தத்தை ஓட வைக்கும், கர்ப்பிணி தொடவே கூடாது என்பது சீன வைத்தியம். நாமோ குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்று தேடித் தேடி வாங்கிக் கொடுக்கிறோம். இரண்டு பக்கத்தையும் யோசித்துப் பார்த்தேன். நிறம் பெற்றோரைப் பொறுத்தது, பூவுக்கு அதில் வேலையில்லை. அன்றோடு நிறுத்திவிட்டு வெறும் பாலைக் குடித்தேன். அம்மாவிடம் மட்டும் மூச்சு விடவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போவது தனி அனுபவம். விடியற்காலையில் போய் எண் சீட்டு வாங்கவேண்டும். ஒவ்வொரு பரிசோதனைக்கும் முன்னால் பணம் கட்டவேண்டும். டாக்டர் அறைக்குள் நம் முறை வந்து உட்கார்ந்தால், அடுத்த நாலு பேர் நம் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கூச்சம் முதல் இரண்டு தடவைதான். ஆறாம் மாதத்தில் சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்க வைத்து மூன்று தடவை ரத்தம் எடுத்தார்கள். கர்ப்ப கால சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கும் அந்தச் சோதனையை எல்லோருக்குமே செய்கிறார்கள், நல்ல விஷயம். ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். நம் ஊரில் 1994-ல் சட்டம் வந்தது மாதிரியே அங்கேயும் சட்டப்படி தடை. காரணமும் அதேதான், பெண் சிசுவைக் கலைத்து விடுவார்கள் என்ற பயம்.

பொங்கலுக்கு முன் ஊருக்குப் போய்விடுவது என்றுதான் திட்டம். 28 வாரம் தாண்டினால் பெரும்பாலான விமானக் கம்பெனிகள் டாக்டர் கடிதம் கேட்கும், 36 வாரத்துக்கு மேல் ஏற்றவே மாட்டார்கள் என்பதால் டிசம்பர் முதல் வாரத்துக்கு டிக்கெட் வாங்கியிருந்தோம். நவம்பர் கடைசியில் எடுத்த ஸ்கேனில் நச்சுக்கொடி கர்ப்பப்பையின் வாய்ப்பக்கம் தாழ்ந்து இருக்கிறது என்றார்கள். "விமானம் வேண்டாம், மாடிப்படி வேண்டாம், கனம் தூக்காதே. ரத்தம் பட்டால் அந்த நிமிஷமே வா" என்றார் டாக்டரம்மா. இப்படித் தாழ்ந்திருப்பது, வயிறு பெருக்கப் பெருக்கப் பெரும்பாலும் மேலே ஏறிவிடும். எனக்கும் 34-ஆவது வாரத்தில் ஏறிவிட்டது. ஆனால் அதுவரை நான் பட்ட பாடு! படுத்தால் பயம், எழுந்தால் பயம். டிக்கெட்டை ரத்து செய்தோம்.

சரி, அம்மா வரட்டும் என்று விசாவுக்கு ஏற்பாடு செய்தோம். ஜனவரியில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து இருதய ஆபரேஷன் ஆயிற்று. அம்மா எப்படிக் கிளம்புவாள்? கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசும்போது இரண்டு பேருமே சிரித்த முகமாக இருக்கப் பாடுபடுவோம். திருக்கருகாவூர் கர்ப்பரக்ஷாம்பிகை சன்னதி விளக்கெண்ணெயையும், தானே கிளறிய பிரசவ லேகியத்தையும் சீனாவுக்கு வந்த ஒருவர் மூலம் அனுப்பிவைத்தாள். லேகியம் ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்தது. மேலே பிளாஸ்டிக் உறை நாலு சுற்று.

அப்போது பக்கத்து வீட்டுக்காரிதான் வழி சொன்னாள். சீனாவில் பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டாள். அந்தப் பத்தியத்துக்கு 'மாதம் உட்காருதல்' என்றே பெயர். அந்த மாதம் முழுக்கக் கூடவே தங்கித் தாயையும் சேயையும் கவனித்துக்கொள்ளப் பழகிய பெண்கள் இருக்கிறார்கள். 'யுவே ஸாவ்' என்று சொல்கிறார்கள். வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் 'மாத மன்னி'! சம்பளம் லேசுப்பட்டதல்ல. நாங்கள் கொடுத்தது 8,000 யுவான், அன்றைய கணக்கில் ஏறக்குறைய 80,000 ரூபாய். மாதம் என்றால் 26 நாள்தான் கணக்கு. டாக்டர் சர்ட்டிபிகேட், பயிற்சி சர்ட்டிபிகேட் எல்லாம் கையில் வைத்திருப்பார்கள்.

எங்களுக்குக் கிடைத்தவள் குவாங்ஸி மாகாணத்தில் குவிலின் ஊருக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரி. முப்பத்தாறு வயசு, கட்டையான உருவம், முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டிருப்பாள். அந்த ஊர்க் குழந்தைகள் அம்மா வயதுள்ள பெண்களை 'ஆயி' என்று கூப்பிடுவார்கள். வீட்டு வேலைக்கு வருகிறவளுக்கும் அதே பெயர்தான். நம் தமிழிலும் ஆயி என்றால் தாய்தானே! அம்மாவுக்கு இதைக் கேட்டு ஒரே ஆச்சரியம். "கூப்பிடும்போதே அம்மான்னு கூப்பிட்டுக்கோ, தைரியமா இருக்கும்" என்றாள்.

மாமிசம், மீன், முட்டை எதுவும் கிடையாது என்று சொன்னதும் ஆயி திகைத்துவிட்டாள். பிள்ளை பெற்றவளுக்கு அவள் சமைப்பதே பன்றிக்கால் போட்ட இஞ்சிக் காடி, கோழி ரசம், மீன் ரசம் இவைதாம். சற்று நேரம் விரல்விட்டு எதையோ எண்ணினாள். பிறகு, "எள் உண்டா? வேர்க்கடலை உண்டா? இஞ்சி உண்டா? போதும்" என்றாள். எனக்கு அந்த நிமிஷமே அவளைப் பிடித்துப்போயிற்று.

ஒரே ஒரு சிக்கல். அந்த வருஷம் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 19-ஆம் தேதி. புத்தாண்டுக்குச் சீனா முழுக்க ஊருக்குக் கிளம்பும். நம் தீபாவளிக் கூட்டத்தை நூறால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஆயியும் போகவேண்டும். அவளுக்கு எட்டு வயசில் ஒரு பையன், கிராமத்தில் பாட்டியிடம் வளர்கிறான். புருஷன் வேறு மாகாணத்தில் கட்டட வேலை. அவளைப் போல நகரத்துக்குப் பிழைக்க வந்தவர்கள் கிராமத்தில் விட்டுவந்த குழந்தைகள் சீனாவில் 6 கோடிக்கு மேல் என்று 2013-ல் அங்கத்து மாதர் சம்மேளனம் கணக்குச் சொல்லியிருந்தது. வருஷத்துக்கு ஒரே தடவைதான் பையனைப் பார்ப்பாள். பதினைந்தாம் நாள் விளக்குத் திருவிழா வரை இருந்துவிட்டு, மார்ச் 6-ஆம் தேதி வந்துவிடுவதாகச் சொன்னாள். எனக்கு டாக்டர் குறித்த தேதி 17. போதுமான இடைவெளி இருந்தது. ஆனாலும் புத்தாண்டுக்குப் போகிறவர்கள் பலர் திரும்புவதில்லை, வேறு ஊரில் வேலை தேடிக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

ஊரே காலியாகிவிட்டது. கடைகளுக்குப் பூட்டு. ஆஸ்பத்திரி மட்டும் நிரம்பி வழிந்தது. என்ன விசேஷம் என்று பார்த்தால், புத்தாண்டோடு குதிரை வருஷம் முடிந்து ஆட்டு வருஷம் பிறக்கிறது. ஆட்டு வருஷத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு, அதிலும் பெண்ணுக்கு, அதிர்ஷ்டம் போதாது என்று ஒரு நம்பிக்கை. பத்து ஆட்டில் ஒன்பது நிறையாது என்று பழமொழியே இருக்கிறதாம். அதனால் தேதிக்கு முன்பே கீறி எடுக்கச் சொல்லிச் சிலர் வந்துவிடுகிறார்கள். நாம் சிரிக்க முடியாது. 'பெண் மூலம் நிர்மூலம்' என்று சொல்லி எத்தனை பெண்களின் கல்யாணத்தை நிறுத்தியிருக்கிறோம்! சிசேரியன் விஷயத்திலும் அப்படித்தான். 2007-08-ல் உலக சுகாதார நிறுவனம் சீன ஆஸ்பத்திரிகளில் எடுத்த கணக்கில் நூற்றுக்கு 46 பிரசவம் கீறி எடுத்தவை. நம் தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு ஏறக்குறைய 45.

மார்ச் 3-ஆம் தேதி விடியற்காலை மூன்று மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. குறித்த தேதிக்கு இரண்டு வாரம் முன்னால்! பெரியவனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். என் கணவரைப் பிரசவ அறை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே ஐந்தாறு சீனப் பெண்களுக்கு நடுவே நான் ஒருத்தி. கையில் ஒரு சாக்லேட்டைத் திணித்து, "சாப்பிடு, தெம்பு வேண்டும்" என்றாள் நர்ஸ். பாதி வலியில் சாக்லேட் தின்ற அனுபவம் உங்களில் யாருக்காவது உண்டா? "யோங் லி! யோங் லி!" என்று அவள் கத்தினாள். பலத்தைப் பிரயோகி என்று அர்த்தம். நம் ஊரில் "முக்கும்மா, முக்கு" என்பார்களே, அந்தக் குரலேதான். காலை பதினொன்றரைக்குச் சுகப்பிரசவம். பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ.

வார்டில் என் பக்கத்துப் படுக்கைக்காரிக்கு மாமியார், அம்மா, சித்தி என்று ஒரு படை. ஃபிளாஸ்க் ஃபிளாஸ்க்காக ரசம் வருகிறது. எனக்கு இவர் கடையில் வாங்கிவந்த ரொட்டி. அதைப் பார்த்துவிட்டு அந்த மாமியார் ஒன்றும் பேசாமல் ஒரு கிண்ணத்தை என் கையில் வைத்தாள். கறுப்பு வெல்லமும் இஞ்சியும் போட்டுக் கொதிக்க வைத்த நீர். ஒரு வாய் குடித்தேன். நம் சுக்கு வெந்நீர்! அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகையெல்லாம் வந்துவிட்டது. உடனே அந்த அம்மாள் கையை வீசி அதட்டினாள். பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் அழக்கூடாதாம், கண் கெட்டுவிடுமாம்.

அன்றைக்கே இவர் ஆயிக்குப் போன் செய்தார். விளக்குத் திருவிழாவுக்கு இன்னும் இரண்டு நாள். வா என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. "குழந்தை பிறந்துவிட்டது" என்று மட்டும் சொன்னார். "நாளை வருகிறேன்" என்றாள். 2014 டிசம்பர் கடைசியில்தான் குவிலின் வழியாகக் குவாங்சோவுக்குப் புதிய அதிவேக ரயில் விட்டிருந்தார்கள். முன்பெல்லாம் ராத்திரி முழுக்க ஆகும் பயணம் மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. மறுநாள் சாயங்காலம் ஒரு மூட்டை வேர்க்கடலை, ஒரு மூட்டை இஞ்சியோடு வார்டு வாசலில் வந்து நின்றாள். பையனிடம் என்ன சொல்லிவிட்டு வந்தாய் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. நேரே கை கழுவிக்கொண்டு வந்து குழந்தையைத் தூக்கினாள்.

"ஆட்டு வருஷத்துப் பெண்ணாயிற்றே" என்று பக்கத்துப் படுக்கையில் யாரோ முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது. திரும்பி, "நானும் ஆடுதான். நாற்பத்தோரு குழந்தைகளைக் குளிப்பாட்டிய கை இது" என்றாள். அவள் பிறந்தது 1979. மறுபடி தன் வருஷமே வந்திருக்கிறது என்று மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வேடிக்கை. காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் நங்கநல்லூரில் அம்மா, இங்கே ஆயி, நடுவில் மொழிபெயர்க்க என் ஏழு வயசுப் பிள்ளை! "தாகம்னா நாலு வாய் வெந்நீர் போதும்னு சொல்லுடா" என்பாள் அம்மா. "மூன்று வேளையும் ரசம் குடிக்காவிட்டால் பால் எங்கிருந்து வரும்?" என்பாள் ஆயி. இந்த வழக்கில் ஆயி பக்கம்தான் நியாயம். பிள்ளை பெற்றவளைத் தண்ணீர் கொடுக்காமல் காயப்போடும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் முழுக்கப் போகவில்லை. அது பாலுக்கும் கெடுதல், மலச்சிக்கலுக்கும் வழி. பாலூட்டுகிறவள் தாகத்துக்குத் தாராளமாகக் குடிக்கவேண்டும். ஆயி வேர்க்கடலையும் சிவப்புப் பேரீச்சை மாதிரி இருக்கும் சீன இலந்தையும் போட்டு ஒரு கஞ்சி வைப்பாள். பச்சைப் பப்பாளிக்காயை மீனோடு போட வேண்டியவள், எனக்காகச் சோயா பனீரோடு கொதிக்க வைத்தாள். பப்பாளி என்றதும் அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "வயிற்றில் இருக்கும்போதுதான் ஆகாது, பிறந்த பிறகு பாலுக்கு அதுதான் மருந்து" என்று ஆயியின் பதிலைப் பிள்ளை ஒப்பித்தான்.

லேகியத்தை ஆயியிடம் காட்டினேன். முகர்ந்து பார்த்தாள், ஒரு துளி நாக்கில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். இஞ்சி, வெல்லம், மிளகு, எள்ளெண்ணெய், திப்பிலி. கடைசியில், "லியாங் ஜியாங்!" என்று துள்ளினாள். 'நல்ல இஞ்சி' என்று பொருள். அது வேறொன்றுமில்லை, நம் சித்தரத்தை! அந்தக் கிழங்குக்குப் பூர்வீகமே தென்சீனம்தான். நங்கநல்லூர் நாட்டுமருந்துக் கடையில் அம்மா வாங்கிய சாமான், சுற்றிச் சுற்றித் தன் பிறந்த ஊருக்கே வந்து சேர்ந்திருந்தது. அன்றிலிருந்து தினம் காலையில் நெல்லிக்காய் அளவு லேகியத்தை உருட்டிக் கொடுப்பது ஆயியின் பொறுப்பாயிற்று.

பதினோராம் நாள்தான் பெரிய போராட்டம். அன்று புண்யாஹவாசனம். தலைக்கு ஸ்நானம் செய்யாமல் தீட்டு எப்படிப் போகும்? ஆயியோ ஒரு மாதம் தலையில் தண்ணீரே படக்கூடாது, பட்டால் ஆயுளுக்கும் தலைவலி என்கிறாள். அம்மா திரையில் கண் கலங்குகிறாள். பிள்ளை இரண்டு பக்கமும் மொழிபெயர்த்து அலுத்துப்போய் விளையாட ஓடிவிட்டான். ஆயி சமையலறைக்குள் போனாள். பெரிய அண்டாவில் இஞ்சித் தோலையும், ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த ஒரு காய்ந்த இலையையும் போட்டுக் கொதிக்க வைத்தாள். மருக்கொழுந்து இனத்துச் செடி, வீடெல்லாம் வாசனை. ஆறவைத்த அந்த நீரைத் தானே மொண்டு விட்டாள். துவட்டி, சூட்டுக்காற்று மெஷினால் வேர்க்கால் வரை உலர்த்தி, தலையில் துணியைக் கட்டிவிட்டாள். "நன்னா விடறா. தலைக்குத் தண்ணி விடத் தெரிஞ்சவதான்" என்றாள் அம்மா. அதற்குமேல் பாராட்டு அவளிடம் கிடைக்காது!

குளிக்காமல் இருப்பது, ஜன்னலைச் சாத்திப் போர்த்திக்கொண்டே கிடப்பது இவற்றை அந்த ஊர் டாக்டர்களே இப்போது ஏற்பதில்லை. கோடையில் இப்படிக் கிடந்து உஷ்ணம் தாக்கி இறந்தவர்கள் உண்டு. தினமும் உடம்பைச் சுத்தம் செய்து, அறைக்குள்ளாவது நடமாடவேண்டும். அசையாமல் படுத்தால் காலில் ரத்தம் உறைந்துவிடும் ஆபத்து இருக்கிறது. ஆயி இதைப் பயிற்சியில் கற்றிருந்தாள். காலை மாலை என்னை அறைக்குள் நூறு அடி நடக்க வைப்பாள். அவளுக்குத் தலைமுடி விஷயத்தில் மட்டும்தான் பாட்டி காலத்து பயம்.

மார்ச் மாதம் அங்கே ஒரு விசித்திரமான பருவம். தெற்கிலிருந்து ஈரக்காற்று திரும்பிவரும். சுவர் வியர்க்கும், தரை வியர்க்கும், நிலைக்கண்ணாடியில் தண்ணீர் வழியும். குழந்தைத் துணி மூன்று நாளானாலும் காயாது. ஆயி மூங்கில் கூடையைக் கவிழ்த்து, மேலே துணியைப் பரப்பி, உள்ளே சின்ன மின்சார அடுப்பை வைத்து உலர்த்துவாள். சாம்பிராணிப் புகை போட நம் பாட்டிகள் கவிழ்ப்பார்களே, அந்த மாதிரிக் கூடை. கீழே தெருவில் முள்ளிலவ மரங்கள் இலையே இல்லாமல் செக்கச்செவேலென்று பூத்திருந்தன. அதுதான் அந்த நகரத்தின் பூ. உதிர்ந்ததைப் பொறுக்கிக் காயவைத்துக் கஷாயம் போடுவார்கள்.

குழந்தை வயிறு நிறையப் பால் குடித்தது. எங்கள் கட்டடத்தில் அது ஒரு அதிசயம். 2008-ல் பால்பவுடரில் மெலமின் என்ற ரசாயனம் கலந்து விற்று, மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். ஆறு சிசுக்கள் இறந்தன. அதிலிருந்து அப்போதெல்லாம் உள்ளூர் டின்னை யாரும் நம்பவில்லை. ஹாங்காங் போய் மூட்டை மூட்டையாக வாங்கி வருவார்கள். அங்கத்துக் குழந்தைகளுக்கே பால்பவுடர் கிடைக்காமல் போய், 2013 மார்ச் முதல் ஆளுக்கு இரண்டு டின்னுக்கு மேல் எடுத்துப்போகத் தடை வந்தது. "தாய்ப்பால் இருப்பவள் பணக்காரி" என்பாள் ஆயி. தன் பையனுக்கு ஐந்து மாதம்தான் கொடுத்தாளாம். பிறகு பிழைக்க வந்துவிட்டாள்.

ஒரு ராத்திரி பால் கொடுக்க எழுந்தபோது சமையலறையில் விளக்கு எரிந்தது. ஆயி போனைக் காதில் வைத்துக்கொண்டு பையனோடு பேசிக்கொண்டிருந்தாள். அவள் ஊர்ப் பேச்சு எனக்குப் புரியாது. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாலும் தோள் குலுங்குவது தெரிந்தது. சத்தம் செய்யாமல் திரும்பி வந்து படுத்துவிட்டேன். மறுநாள் காலையில் என் கண்ணைப் பார்த்து, "சரியாகத் தூங்கவில்லையா? அழுதாயா? கூடாது" என்று அதட்டினாள்.

குழந்தையின் காகித வேலைகளைச் சொல்லி முடித்துவிடுகிறேன், வெளிநாட்டில் இருக்கும் பெண்களுக்குப் பயன்படும். சீனாவில் பிறந்ததால் நம் குழந்தை சீனப் பிரஜை ஆகிவிடாது. பிறப்புச் சான்றிதழை வைத்து இந்தியத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்து, பாஸ்போர்ட் வாங்கவேண்டும். பிறந்த 60 நாளுக்குள் சீனப் போலீஸின் குடிவரவு அலுவலகத்தில் பதிவு செய்து தங்கும் அனுமதியும் வாங்கவேண்டும். பாரம் முழுக்கக் குடும்பப் பெயர் கேட்கும். இனிஷியல் மட்டும் வைத்திருக்கும் நாம் விழிக்கவேண்டியதுதான். 'அப்பா பெயர்தான் குடும்பப் பெயர்' என்று முதலிலேயே முடிவு செய்து, எல்லாப் பாரத்திலும் ஒரே மாதிரி எழுதிவிடுவது உத்தமம்.

26 நாள் முடிந்தது. மாதம் நிறைந்ததற்குச் சிவப்புச் சாயம் தோய்த்த முட்டை கொடுப்பது அவர்கள் வழக்கம். எங்கள் வீட்டில் முட்டை ஆகாதென்று, ஆயி பீட்ரூட் சாறு விட்டுச் சிவப்பாகப் பிசைந்த மாவில் முட்டை வடிவத்தில் கொழுக்கட்டை வேகவைத்துக் கட்டடம் முழுக்கக் கொடுத்தாள். குதிரை வருஷத்துக்குத் தப்பி ஆட்டு வருஷத்தில் சிக்கிய இன்னொரு வீட்டுப் பிரசவத்துக்கு அவள் மறுநாளே போகவேண்டியிருந்தது. சம்பளத்தைச் சிவப்புக் கவரில் போட்டு, மேலே ரயில் கட்டணத்தையும் வைத்துக் கொடுத்தோம். ரயில் கட்டணத்தை எண்ணித் திருப்பித் தந்துவிட்டாள். லேகியத்தில் மட்டும் பாதி வேண்டும் என்று கேட்டாள். தன் மாமியாரின் முழங்கால் வலிக்காம்.

நாங்கள் 2016-ல் ஊர் திரும்பிவிட்டோம். 'வீசாட்' என்ற போன் செயலி வழியாக ஆயி குரல்செய்தி அனுப்புவாள். குழந்தையின் படம் கேட்பாள். படத்தைப் பார்த்துவிட்டு, "தலைமுடி அடர்த்தி" என்று ஒரு வார்த்தை சொல்லுவாள். 2020 புத்தாண்டுக்கு ஊருக்குப் போனவள் கொரோனாவினால் அங்கேயே தங்கிவிட்டாள். மே மாதக் கடைசியில் வந்த செய்தியைப் பிள்ளைதான் எனக்கு மொழிபெயர்த்தான். நாலு மாதமாக வேலை இல்லை, கையில் காசு இல்லை, பையன் ஒவ்வொரு நாளும் கூடவே சாப்பிடுகிறான், தன்னைவிட ஒரு கை உயரம் வளர்ந்துவிட்டான், இது தனக்குத் தெரியவே தெரியாது என்று சொல்லியிருந்தாள். பின்னணியில் அந்தப் பையன் எதையோ சொல்லிச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

ஜூன் 29-ஆம் தேதி நம் அரசாங்கம் 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. வீசாட்டும் அதில் போயிற்று. அவள் கிராமத்து விலாசம் எங்களிடம் இல்லை.